சூரியன் போடட்டுமா, மழை போடட்டுமா?

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பளச் சீட்டில் மட்டும் அது மாதம் ஒருமுறை தலைகாட்டும். மற்றபடி குடும்ப சமரச நிலையத்தில் வாசல் காவலாளி முதல் நிலையத் தலைவி வரை எல்லோருக்கும் அவர் ‘சமாதானம்’. முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஒருநாள் அது அவர் காதிலேயே விழுந்துவிட்டது. மனுஷன் எகிறிக் குதிக்கப் போகிறார் என்று காத்திருந்தவர்கள் ஏமாந்து போனார்கள். அவருக்கோ உச்சி குளிர்ந்துவிட்டது. ஏதோ பட்டம் கொடுத்த மாதிரி வைத்துக்கொண்டார்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் வாகனக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் இருந்தார். இரண்டு கார்கள் மோதிக்கொண்டால் யார் மேல் எவ்வளவு தப்பு என்று பார்த்து, இரண்டு ஓட்டுநர்களையும் தனித்தனியே தட்டிக்கொடுத்து அனுப்புகிற உத்தியோகம். பிறகு ஒரு பயிற்சி வகுப்புக்குப் போனார், சான்றிதழோடு திரும்பினார், கார்களுக்குப் பதிலாகக் கணவன் மனைவிகள் வர ஆரம்பித்தார்கள். பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை என்பார் அவரே. மோதிய வேகம், நசுங்கிய இடம், “அவங்கதான் முதல்ல வந்து இடிச்சாங்க” என்கிற வாக்குமூலம், எல்லாம் அங்கே பார்த்ததுதான். பின் இருக்கையில் யாராவது இருந்தார்களா என்பது மட்டும் இங்கே முதல் கேள்வி. பிள்ளையை நடுவில் வைத்துப் பேசுகிற சமரசம் என்று அதற்கு அவர்கள் பெயர் வைத்திருந்தார்கள்.

பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்த வாக்கியங்களைச் சமாதானம் கரைத்துக் குடித்திருந்தார். அலுவலகத்தோடு நிறுத்திக்கொண்டிருந்தால் பரவாயில்லை. வீட்டுக்கும் கொண்டு வந்தார்.

“சமையலறைக் குழாய் ஒழுகுதுங்க” என்பாள் மனைவி.

“குழாய் ஒழுகுறது உனக்கு எவ்வளவு கஷ்டமா இருக்குன்னு எனக்குப் புரியுது.”

“உங்களுக்குப் புரிஞ்சு என்ன ஆகப்போகுது? பிளம்பருக்குப் புரியணும். அவரைக் கூப்பிடுங்க.”

தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கண்ணைப் பாதி மூடி, மெதுவாக ஆட்டுவார். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அதற்கு அர்த்தம். அந்த அம்மாவுக்கு அந்தத் தலையாட்டலைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

நிலையம் இருந்த கட்டடத்தின் தரைத்தளத்தில் ஒரு மெத்தைக் கடை. பிரிந்து போக வருகிற அத்தனை தம்பதிகளும், கண்ணாடிக்குப் பின்னால் விரித்து வைத்த இரட்டைக் கட்டிலைத் தாண்டித்தான் மாடி ஏற வேண்டும். இந்த வேடிக்கையை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை, வாடகை குறைவாக இருந்தது, அவ்வளவுதான். மாடியில் சமாதானத்தின் அறை. யாரும் தலைமை இடத்தில் உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்காக வட்ட மேசை. மேசைமேல் காகிதக் கைக்குட்டைப் பெட்டி. வருகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் சுவர்க்கடிகாரம், அவர் கண்ணுக்கு மட்டும் தெரிகிற மாதிரி. சுவரில் கொட்டை எழுத்தில் அவரே எழுதி ஒட்டிய வாசகம்: ‘பிள்ளை சொல்லச் சொன்னதை மட்டுமே சொல்வோம்.’ பிள்ளையிடம் தனியாகப் பேசுவார். பிள்ளை எதைச் சொல்லலாம் என்கிறதோ அதை மட்டும் பெற்றோரிடம் கொண்டு போவார். மற்றதெல்லாம் அவரோடு மண்ணுக்குள் போகும். அதுதான் அந்தத் தொழிலின் தர்மம்.

அப்புறம் அந்தச் சிவப்பு நாற்காலி. மழலையர் பள்ளியில் போடுகிற குட்டி பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை வட்ட மேசையில் பெரிய நாற்காலிகளுக்கு நடுவே போட்டு வைத்திருந்தார். இது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. பேச்சு சூடு பிடிக்கும்போது அதைக் காட்டி, குரலைத் தாழ்த்தி, “இங்க யாரு உக்காந்திருக்காங்கன்னு பாருங்க” என்பார். பிள்ளையை நினைத்து இருவரும் நெகிழ வேண்டும் என்று ஏற்பாடு. வந்தவர்கள் குனிந்து பார்த்துவிட்டு, “யாரும் இல்லையே சார்” என்பார்கள். நாலு வாரத்தில் அந்த நாற்காலிக்கு ஒரு நிரந்தர வேலை அமைந்துவிட்டது. அம்மாக்கள் கைப்பையை வைத்தார்கள், அப்பாக்கள் ஹெல்மெட்டை வைத்தார்கள்.

இப்படிப்பட்டவரிடம்தான் கண்ணாடிக்கடைக்காரரும் பல் டாக்டரம்மாவும் வந்து சேர்ந்தார்கள். கண்ணாடிக்கடைக்காரர் ஊருக்கே பார்வையைச் சரிசெய்து கொடுப்பவர். எதிரே உட்கார்ந்திருக்கும் மனைவியை மட்டும் கண்ணெடுத்துப் பார்க்க மாட்டார். டாக்டரம்மாவோ மற்றவர்களை வாயைத் திறக்கச் சொல்லியே பழக்கப்பட்டவர், தான் திறந்தால் மூடத் தெரியாது. இருவருக்கும் ஒன்பது வயதில் ஒரு பெண். அம்மாவுக்கு அவள் ‘பாப்பா’. அப்பாவுக்கு ‘குட்டி’. அந்தப் பெயரிலேயே முதல் அமர்வு முழுக்கப் போயிற்று. ‘பாப்பா’ என்று சொல்லிச் சொல்லியே அவளைத் தன் பக்கம் இழுக்கிறாள் என்றார் அப்பா. ‘குட்டி’ என்பது ஆட்டுக்கு வைக்கிற பெயர் என்றார் அம்மா. கடைசியில் சமாதானம் ‘பாப்பாக்குட்டி’ என்று ஒரு தீர்ப்பு சொன்னார். இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட முதல் சமரசம் அது. அந்த வாரம் முழுக்க அவர் அதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பிள்ளை யாரோடு இருப்பது என்பதுதான் வழக்கு. இருவரிடமும் ஆதாரம் இருந்தது. கண்ணாடிக்கடைக்காரர் தன் செல்போனை மேசைமேல் வைத்து அழுத்தினார். பெண்ணின் விசும்பல் கேட்டது. “அம்மா வீட்டுக்கு வேண்டாம்ப்பா. அங்க மூச்சு முட்டுது.”

“கேட்டுக்குங்க சார்” என்றார் அவர்.

டாக்டரம்மா கைப்பையிலிருந்து தன்னுடைய போனை எடுத்தார். அதே விசும்பல். “அப்பா வீட்டுக்கு வேண்டாம்மா. அங்க மூச்சு முட்டுது.”

“இப்ப இதையும் கேட்டுக்குங்க” என்றார் அவர்.

ஒரு குரல், ஒரு அழுகை, ஒரே மூச்சு முட்டல். ஆனால் அவரவர் போனில் பதிந்தது அவரவருக்கு வேதம், மற்றவர் போனில் இருப்பது சொல்லிக்கொடுத்துப் பேசவைத்த நாடகம். பெற்ற இரண்டு பேருக்கும் உறைக்காதது சமாதானத்துக்கு உறைத்தது. அதுவரைக்கும் பாராட்டத்தான் வேண்டும். இங்கே சமரசம் ஆகவில்லை என்றால் விஷயம் நீதிபதியிடம் போகும் என்றும், அவர் பிள்ளையையே கூப்பிட்டுக் கேட்பார் என்றும் சொல்லிவிட்டு, அதற்கு முன் தானே அவளிடம் பேச நாள் குறித்தார்.

பிள்ளைகளிடம் பேசுவதற்கென்று பக்கத்தில் ஒரு சின்ன அறை. அதில் ஒரு பொம்மை வீடு இருந்தது. அம்மா பொம்மைக்குக் கை இல்லை, அப்பா பொம்மையை எந்தப் பிள்ளையோ எப்போதோ எடுத்துக்கொண்டு போய்விட்டது. அவர் வழக்கம்போல் வெள்ளைத் தாளையும் வண்ணப் பென்சில்களையும் எடுத்து வைத்து, பயிற்சி வகுப்புக் குரலில், “உன் குடும்பத்தை வரைஞ்சு காட்டுறியா பாப்பாக்குட்டி?” என்றார்.

பெண் பென்சிலைக் கையில் எடுத்து, சீவியிருக்கிறதா என்று முனையைப் பார்த்தாள். பிறகு மரியாதையாகக் கேட்டாள்.

“சூரியன் போடட்டுமா அங்கிள், மழை போடட்டுமா?”

“ஏன் கேக்கிற?”

“சூரியன் போட்டா ‘வெரி குட்’னு சொல்லிச் சீக்கிரம் விட்டுடுவாங்க. மழை போட்டா நிறையக் கேள்வி கேப்பாங்க, ஆனா சாக்லேட் தருவாங்க. ஸ்கூல் கவுன்சிலிங் ஆன்ட்டிக்கு மழைதான் புடிக்கும். கோர்ட்லேருந்து ஒரு அங்கிள் வந்தாரு, அவருக்குச் சூரியன். உங்களுக்கு எது வேணும்?”

அன்றைக்கு அவர், வாழ்க்கையிலேயே அபூர்வமாக, பயிற்சி வகுப்பில் சொல்லித்தராத ஒன்றைச் செய்தார். தாளை எடுத்து மேசைக்கு அடியில் வைத்துவிட்டார். “ஒண்ணும் வரைய வேண்டாம். சும்மா உக்காந்திருக்கலாம்” என்றார். தலையைக்கூடச் சாய்க்கவில்லை. இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கீழே மெத்தைக் கடையில் யாரோ மெத்தையைத் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவளே ஆரம்பித்தாள்.

“எனக்கு ரெண்டு வீடும் புடிக்கும் அங்கிள். அதைச் சொல்ல முடியாது.”

“ஏன் முடியாது?”

“அம்மா வீடு புடிக்கலன்னு சொன்னாத்தான் அப்பாவுக்குத் தூக்கம் வரும். இல்லன்னா ராத்திரியெல்லாம் டிவி போட்டுக்கிட்டு உக்காந்திருப்பாரு. அம்மா தட்டுல போட்டதைக் கிளறிக்கிட்டே இருப்பாங்க. அப்பா வீடு புடிக்கலன்னு சொன்னேன்னு வைங்க, சாப்பிட்டுடுவாங்க.” எந்தப் பிசிறும் இல்லாமல், வீட்டு வேலையைச் சொல்வதுபோல் சொன்னாள். “ஸ்கூல் ஆன்ட்டியும் ஒருநாள் டல்லா இருந்தாங்க. உங்களத்தான் எனக்கு ரொம்பப் புடிக்கும்னு சொன்னேன். உடனே சிரிச்சுட்டாங்க.”

“உனக்கு என்ன வேணும்?”

இந்தக் கேள்வியை அவளிடம் எல்லோரும் கேட்டிருந்தார்கள். பதிலுக்குக் காத்திருந்தவர் இவர் ஒருவர்தான் போலிருக்கிறது. அவள் காலை ஆட்டுவதை நிறுத்தினாள்.

“ஞாயித்துக்கிழமை மட்டும் ரெண்டு வீட்டுக்கும் போகாம என் ஃப்ரெண்டு வீட்ல இருக்கணும். அவங்க வீட்ல யாரும் ‘அங்க என்ன நடந்துச்சு, அங்க என்ன சொன்னாங்க’ன்னு கேக்கவே மாட்டாங்க. விளையாடலாம். அப்புறம் ஜட்ஜ்கிட்ட போக வேண்டாம். அங்க போனா ஒருத்தர் பேரைச் சொல்லணுமாம். ஞாயித்துக்கிழமையைச் சொல்லுங்க. மத்ததைச் சொல்லிடாதீங்க. சொல்ல மாட்டீங்கல்ல?”

“சத்தியமா சொல்ல மாட்டேன். வெளியே சுவத்துல எழுதியே ஒட்டியிருக்கேன்” என்றார் அவர்.

அவள் எட்டிக் கதவு வழியாக அந்த வாசகத்தைப் படித்துப் பார்த்தாள். பிறகுதான் நம்பினாள்.

அடுத்த வாரம் பெற்றோர் இருவரும் வந்தார்கள். பெண் வெளியே நடைவழி பெஞ்சில் உட்கார்ந்து ஏதோ புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். சிவப்பு நாற்காலியில் வழக்கம்போல் கைப்பையும் ஹெல்மெட்டும். சமாதானம் தொண்டையைச் செருமிக்கொண்டு, அனுமதி கிடைத்ததை மட்டும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அவள் தோழி வீட்டில் இருக்க ஆசைப்படுகிறாள்.

“இது அவர் சொல்லிக்கொடுத்தது சார்” என்றார் டாக்டரம்மா உடனே. “ஞாயித்துக்கிழமை என்னோட முறை. அதைக் காலி பண்ணணும்னு திட்டம்.”

“நான் எதுக்குச் சொல்லிக்கொடுக்கணும்? அந்த ஃப்ரெண்டோட அம்மா யாருன்னு கேளுங்க. இவங்ககிட்ட பல் கட்டிக்கிட்டவங்க! இது இவங்க ஏற்பாடு.”

“என்கிட்ட பல் கட்டினவங்க எல்லாம் என் ஆளா? உங்க கடையில கண்ணாடி வாங்கினவங்க எல்லாம் உங்க ஆளா?”

இருவர் முகத்திலும் எள்ளும் கொள்ளும் வெடித்தது. “உங்க கோபம் எனக்குப் புரியுது” என்று சமாதானம் குறுக்கே விழுந்து பார்த்தார். அவருக்குப் புரிவதைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை. டாக்டரம்மா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். கண்ணாடிக்கடைக்காரர் அறைக்குள்ளேயே ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, அதற்குள்ளிருந்து, “ஜட்ஜ் முன்னாடி பாத்துக்கலாம்!” என்று கத்தினார்.

சமாதானம் பதறிப்போனார். பெண்ணுக்காகவும்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த வருடம் அவர் கைவைத்த ஒரு வழக்குகூட நீதிபதியிடம் போனதில்லை. நிலையத் தலைவி போன மாதம்தான் எல்லோர் முன்னாலும் அதைச் சொல்லிக் கைதட்ட வைத்திருந்தார். கைதட்டலின் ருசி கண்ட நாக்கு அது. எழுந்து நின்றார். பின்னால் சுவரில் அவர் எழுதி ஒட்டியது இருந்தது. அவர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

“உக்காருங்க ரெண்டு பேரும்! உங்க போன்ல இருக்கிறது அத்தனையும் பொய். நீங்க தூங்கணும்னு உங்ககிட்ட ஒரு பொய். நீங்க சாப்பிடணும்னு உங்ககிட்ட அதே பொய். அவளுக்கு ரெண்டு வீடும் புடிக்கும். ரெண்டு பேரையும் அந்தக் குழந்தைதான் வளர்த்துக்கிட்டு இருக்கா!”

அறையில் ஊசி விழுந்தால் கேட்கும். பயிற்சி வகுப்பில் காட்டிய படத்தில் இப்படி ஒரு அமைதி வரும். அதற்குப் பிறகு பெற்றோர் அழுவார்கள், பிறகு திருந்துவார்கள். இத்தனை வருடமும் அந்த அமைதிக்காகத்தான் அவர் காத்திருந்தார். டாக்டரம்மா உட்கார்ந்தார். கண்ணாடிக்கடைக்காரர் ஹெல்மெட்டைக் கழற்றினார். காகிதக் கைக்குட்டைப் பெட்டி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போயிற்று. “நமக்கு இது தெரியாமப் போச்சே” என்றார் ஒருவர். “ஆமா” என்றார் மற்றவர். அந்த அறையில் அவர்கள் ஒருவருக்கொருவர் சொன்ன முதல் ‘ஆமா’ அது. சமாதானத்துக்குக் கால் தரையில் பாவவில்லை.

இருவரும் எழுந்து ஒன்றாக வெளியே போனார்கள். கண்ணாடிக் கதவு வழியாக அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பெஞ்சின் இந்தப் பக்கம் கண்ணாடிக்கடைக்காரர், அந்தப் பக்கம் டாக்டரம்மா, பெண்ணின் இரண்டு பக்கமும் குந்தி உட்கார்ந்தார்கள். கட்டிப்பிடிக்கப் போகிறார்கள் என்று இவர் கண்ணைத் துடைக்கத் தயாரானார்.

“ஏன்டா குட்டி, அப்பாகிட்டயே பொய் சொன்னியா?”

“அம்மாகிட்டயும் சொல்லியிருக்கா. எங்கேருந்து பாப்பா இதெல்லாம் கத்துக்கிட்டே?”

“நாங்க ரெண்டு பேரும் எவ்வளவு வேதனைப்பட்டோம் தெரியுமா?”

“அதான. நாங்க உன்னை அப்படியா வளர்த்தோம்?”

நாங்க. இரண்டு வருடமாக எத்தனையோ வக்கீல்கள் முயன்றும் இருவர் வாயிலிருந்தும் வராத வார்த்தை. ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் எடுத்துக்கொடுத்தார், பழைய நாட்களில் எப்படிக் குடும்பம் நடத்தியிருப்பார்கள் என்று தெரிந்தது. அப்பா அம்மா ஒரு கட்சியாகிவிட்டார்கள். எதிர்க்கட்சிக்கு ஒன்பது வயது.

அந்த வழியாக வந்த நிலையத் தலைவி, மூன்று தலைகளும் நெருக்கமாக இருப்பதைப் பார்த்து நெஞ்சில் கைவைத்துக்கொண்டு நின்றார். கதவைத் திறந்து தலையை நீட்டி, “பாத்தீங்களா சார்? இதுக்குத்தான் நாம இந்த வேலைல இருக்கோம்” என்றார்.

பெண் அழவில்லை. அப்பாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துத் தலையாட்டினாள். பிறகு அவர்கள் தோளுக்கு மேலாகக் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்ற இவரைப் பார்த்தாள். கோபமே இல்லை. கைகாட்டியும் நிற்காமல் போன பஸ்ஸைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, புத்தகத்தை மூடி வைத்தாள். அந்தப் பார்வை அவருக்குள் தைத்தது. அன்று மாலை அவருடைய சாப்பாட்டு டப்பா மூடி திறக்காமல் வீட்டுக்குப் போயிற்று. மறுநாளும் அப்படியே.

“என்னங்க, உடம்புக்கு ஏதாவதா?” என்றாள் மனைவி.

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லன்னா டப்பா ஏன் அப்படியே வருது?”

அவர் தலையைச் சாய்க்கவில்லை, ஆட்டவில்லை. அதைப் பார்த்துத்தான் அவளுக்குப் பயமே வந்தது.

ஒப்பந்தம் மளமளவென்று தயாரானது. வார நாட்கள் பாதிப் பாதி. பள்ளி விடுமுறை பாதிப் பாதி. ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் இருவரும் சேர்ந்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். உண்மை பேசப் பழகுவதற்காக, ஞாயிறுதோறும் பிள்ளையை ஒரு மனநல ஆலோசகரிடம் அனுப்புவது. கொண்டுபோய் விடுவது அப்பா, கூட்டி வருவது அம்மா. “ஞாயித்துக்கிழமை ரெண்டு வீட்லயும் இருக்க வேண்டாம்னு அவளே கேட்டாளே சார்” என்று டாக்டரம்மா பெருந்தன்மையோடு நினைவுபடுத்தினார். சமாதானம் என்னவோ சொல்ல வாயெடுத்தார். எதைச் சொல்வது? வாயைத் திறந்ததால் வந்த வினை கண்ணெதிரே உட்கார்ந்து கையெழுத்துப் போடப் பேனா தேடிக்கொண்டிருந்தது. மூடிக்கொண்டார்.

கையெழுத்துக்கு முன் பிள்ளையிடம் கடைசியாக ஒருமுறை பேச வேண்டும் என்பது விதி. அவள் அறைக்குள் வந்தாள். சிவப்பு நாற்காலியில் கைப்பையும் ஹெல்மெட்டும் இப்போது ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து சிநேகமாக இருந்தன. சமாதானம் அவசரமாக அவற்றை எடுக்கப் போனார்.

“பரவால்ல அங்கிள், நான் நின்னுக்கிறேன்” என்றாள்.

சின்ன அறைக்குள் போனதும் அவளே அலமாரியைத் திறந்து தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டாள்.

“வரைய வேண்டாம்மா. போன தடவை மாதிரி சும்மா உக்காரலாம்” என்றார் அவர். குரல் கெஞ்சியது.

“வரைஞ்சுடுறேன் அங்கிள். வெளியே கேப்பாங்கல்ல.”

சூரியன். அதற்குக் கண், மூக்கு, சிரிப்பு. கீழே வீடு, அதன் ஒரு பக்கம் அப்பா, மறுபக்கம் அம்மா. இரண்டு பேரும் ஒரே உயரம் இருக்கிறார்களா என்று பென்சிலை வைத்து அளந்து பார்த்து, அம்மாவுக்குக் கொண்டையைக் கொஞ்சம் தூக்கி வரைந்தாள். நடுவில் தன்னைப் போட்டு, வாயை அகலமாகச் சிரிக்க வைத்தாள்.

அவரால் தாங்க முடியவில்லை. “பாப்பாக்குட்டி, நான் சொல்லியிருக்கக் கூடாது. சத்தியம் பண்ணிட்டுச் சொல்லிட்டேன். பெரிய தப்பு” என்றார். பயிற்சி வகுப்பில் இல்லாத வாக்கியம். அதனால் திக்கித் திக்கித்தான் வந்தது.

பெண் பென்சிலைக் கீழே வைத்தாள். அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். இந்த மனிதருக்கு என்ன குறை, தூக்கமா, சாப்பாடா என்று பார்க்கிற பார்வை. தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டாள்.

“நீங்க நல்லதுக்குத்தான சொன்னீங்க அங்கிள். இப்ப அப்பாவும் அம்மாவும் சண்டையே போடுறதில்ல. எல்லாரையும் விட எனக்கு உங்களத்தான் ரொம்பப் புடிக்கும்.”

அது என்ன என்று அவருக்குத் தெரியும். எப்படிச் செய்வது, யாருக்கு என்ன அளவு என்று இதே அறையில் அவரிடமே விளக்கியிருந்தாள். அப்படியும் நெஞ்சில் இருந்த கல் நகர்ந்தது. தெரிந்தே நகர்ந்தது, வெட்கம் கெட்ட கல்.

வெளியே கையெழுத்துகள் விழுந்தன. நிலையத் தலைவி படத்தை வாங்கிப் பார்த்து, “எவ்வளவு அழகான சூரியன்!” என்று சட்டம் போட்டு நடைவழியில் மாட்டச் சொன்னார். கைதட்டினார்கள்.

அன்று சாயங்காலம் மனைவி சாப்பாட்டு டப்பாவைக் கழுவ எடுத்தவள், மூடியைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“என்னங்க, இன்னிக்கு வழிச்சுச் சாப்பிட்டிருக்கீங்க?”

“நல்ல பசி” என்றார் சமாதானம்.